ஒரு லட்சத்துப் பதினோராயிரம் ரூபாயும் இரண்டு சட்டி மூடிகளும்

என் மகனுக்கு இருபது மாதமானபோது அவன் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. "அம்மா" இல்லை, "அப்பா" இல்லை. பால் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பால்மாப் பேணிக்கு முன்னால் நிறுத்துவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்துத் தரத்தில் இரண்டு தரம் திரும்பிப் பார்ப்பான், அன்றைக்கு எனக்குப் பெருநாள். அந்த ஒரு வருடத்தில் செலவழித்த காசையும் அழுத இரவுகளையும் நினைத்தால் இப்போதும் நெஞ்சு இறுகுகிறது. சின்னப் பிள்ளையோடு வீட்டில் எப்படி விளையாடுவது என்று யாராவது ஒரு பின்னேரம் என்னோடு இருந்து சொல்லித் தந்திருந்தால் அதில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. இப்போது ஒரு வயது, ஒன்றரை வயதுப் பிள்ளையோடு தனியே வீட்டில் இருக்கிற யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கிளிநொச்சி வட்டக்கச்சியில். மகன் 2022 மார்ச்சில் பிறந்தான். மின்வெட்டு, பெற்றோல் வரிசை, பால்மாத் தட்டுப்பாடு எல்லாம் ஒன்றாக வந்து விழுந்த நேரம் அது. அந்த வருடக் கடைசியில் கணவர் கட்டாருக்குப் போய்விட்டார். அம்மாவை நான் 2009இல் இழந்தேன், அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மாமி மல்லாவியில், மூட்டு வருத்தத்தோடு. ஆகவே வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் நானும் பிள்ளையும் ஒரு தையல் மெஷினும் மட்டும்தான். தையல் வேலை கணவர் அனுப்புகிற காசுக்கு மேலே எங்களைத் தாங்கிப் பிடித்தது, ஜனவரியில் பள்ளிக்கூட உடுப்புத் தைக்க வருகிற கூட்டத்தை விட முடியாது. பிள்ளை தவழத் தொடங்கியதும் மெஷினுக்குக் கீழே வந்து மிதிபலகையில் விரலை வைக்கத் தொடங்கினான். ஒரு நாள் பயத்தில் போனில் கார்ட்டூன் பாட்டு ஒன்றைப் போட்டுக் கையில் கொடுத்தேன். சத்தமே இல்லாமல் முக்கால் மணித்தியாலம் இருந்தான். அந்த முக்கால் மணித்தியாலத்தில் ஒரு பாவாடை தைத்து முடித்தேன். இப்படித்தான் தொடங்கியது. பதினெட்டு மாதத்தில் ஒரு நாளைக்கு ஆறு ஏழு மணித்தியாலம் போனுக்கு முன்னால் இருந்தான், சாப்பாடு ஊட்டுவதும் போனைக் காட்டித்தான்.

பிள்ளையைக் கவனிக்காமல் விட்டேன் என்ற குற்ற உணர்ச்சி உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அதை ஆற்றத்தான் சாமான் வாங்கினேன் என்று இப்போது விளங்குகிறது. முதலில் ஒன்பதாவது மாதத்தில் சில்லு வைத்த நடைவண்டி, 9,500 ரூபாய். பிள்ளையை அதற்குள் இருத்தினால் கால் சீக்கிரம் பலப்படும் என்றார்கள். இரண்டாவது கிழமையே விறாந்தைப் படியில் வண்டியோடு உருண்டு நெற்றி வெடித்தது. அந்த வகை வண்டியைக் கனடாவில் 2004இலேயே விற்கத் தடை செய்துவிட்டார்கள், அது பிள்ளையைச் சீக்கிரம் நடக்க வைப்பதும் இல்லை என்று பிறகுதான் அறிந்தேன். பொத்தானை அமத்தினால் இங்கிலீசில் எழுத்தும் மிருகப் பெயரும் சொல்கிற பொம்மைக் கொம்பியூட்டர் 6,800. லைற் அடித்துப் பாடுகிற பறை 4,200. இரண்டும் தாங்களே கதைத்தன, தாங்களே பாடின, மகன் செய்ய வேண்டியது பொத்தானை அமத்துவது மட்டும். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. சத்தம் வந்தால் படிப்பு நடக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்தது ரப், அதாவது ரப்லெற் கொம்பியூட்டர். போன் சின்னத் திரை, கண் பழுதாகும், பெரிய திரை நல்லது என்று ஒருவர் சொல்ல, 34,000 ரூபாய்க்கு வாங்கி ஐந்தாவது மாதம் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. சீட்டுக் காசு விழுந்தபோது 28,000க்குப் பிள்ளை ஏறி ஓட்டுகிற பற்றறிக் கார். எங்கள் முற்றம் மணல், பிளாஸ்ரிக் சில்லு இரண்டு அடி ஓடிப் புதைந்து அந்த இடத்திலேயே சுற்றியது. கடைசியாக, பிள்ளையின் மூளையை வளர்க்கிற பயிற்சி என்று போனில் ஒரு வகுப்பு, 12,500 ரூபாய் முற்பணம். படம் போட்ட அட்டைகளை வேகவேகமாகக் காட்டச் சொன்னார்கள். மகன் அட்டையைக் கடித்தான். காசைத் திருப்பிக் கேட்டேன், பதில் வரவே இல்லை. இதோடு யாழ்ப்பாணத்துக்கு மூன்று தரம் கொண்டுபோய்த் தனியாரிடம் காட்டியதற்குப் பஸ், ஓட்டோ, கட்டணம், சத்து மருந்து எல்லாம் சேர்த்து 16,000. ஒரு நாள் இரவு கொப்பியில் கூட்டிப் பார்த்தேன், ஒரு லட்சத்துப் பதினோராயிரம். கணவர் வெயிலில் நின்று உழைத்த காசு என்று நினைக்க எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இதற்குள் ஆளுக்கொரு கதை. "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைக்குங்கள், பேசாமல் இரு" என்றார்கள். தகப்பனும் மூன்று வயதில்தான் கதைத்தார் என்றார் மாமி. நாக்கை வசம்பால் தேய்க்கச் சொன்னார்கள் சிலர். நான் இரவில் போனில் "ஓட்டிசம்" என்று தேடித் தேடி வாசித்துவிட்டு, நித்திரையாக இருக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை இருப்பேன். யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட. அவருக்கு அங்கேயிருந்து ஓடிவர முடியாது, எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அது பிழை. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் நிறை கூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன், பதினெட்டு மாத ஊசிக்குப் போனபோதும் அப்படியே. பிள்ளை பிறந்தவுடன் தருகிற கிளினிக் கொப்பியில் எந்த வயதில் பிள்ளை என்னென்ன செய்ய வேண்டும் என்று பக்கங்கள் இருக்கின்றன, பார்த்து அடையாளம் போடவும் இடம் இருக்கிறது. என்னுடையது வெறுமையாக இருந்தது. உங்கள் கொப்பி வீட்டில் இருந்தால் இன்றைக்கே அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நான் அதைத் திறந்தது 2023 நவம்பரில். அடுத்த நாளே மிட்வைஃப் அக்காவிடம் போய் அழுதேன். அவர் என்னை ஏசவில்லை. "தங்கச்சி, முதல் காது பார்ப்பம், பிறகு பேச்சுக் கிளினிக்குக்கு எழுதித் தாறன், எல்லாம் இலவசம்தான்" என்றார். காதுப் பரிசோதனையில் குறையில்லை என்று வந்தது. பேச்சுக் கிளினிக்குக்குத் திகதி கிடைக்க ஆறு கிழமை இருந்தது.

அந்த ஆறு கிழமைக்குள்தான் போன் தண்ணிக்குள் போனது. மார்கழி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது, நான் உடுப்புத் தோய்க்க மகன் போனோடு வந்து கிணற்றடி வாளிக்குள் அதைப் போட்டுவிட்டான். திருத்தக் கொடுத்த இடத்தில் ஒரு கிழமைக்கு மேல் ஆகும் என்றார்கள். புதிது வாங்கக் காசில்லை, ரப்பும் ஏற்கெனவே செத்துவிட்டது. முதல் நாள் மகன் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நிலத்தில் தலையை இடித்தான், சாப்பாட்டைத் தட்டிவிட்டான். இரண்டாம் நாளும் அப்படியே. நான் ஒரு தைத்த உடுப்பும் கொடுக்க முடியவில்லை, இரண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். கோபத்தில் ஒரு அடி அடித்துவிட்டு நானும் இருந்து அழுதேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் இந்த இரண்டு நாளைத் தாண்ட முடியாமல்தான் பலர் போனைத் திருப்பிக் கொடுக்கிறோம். எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் சத்தம் குறைந்தது. எனக்கு அது முன்பே தெரிந்திருந்தால் அந்த அடி விழுந்திருக்காது.

மூன்றாம் நாள் பின்னேரம் மழை. குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன், அலுமினிய மூடி ஒன்று கைதவறி விழுந்து டணார் என்று சுழன்றது. மகன் ஓடிவந்து அதை எடுத்து நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினான். எனக்கு என்ன தோன்றியதோ, நானும் நிலத்தில் இருந்து இன்னொரு மூடியால் ஒரு தட்டுத் தட்டினேன். அவன் நின்றான். என் முகத்தைப் பார்த்தான், நேராகக் கண்ணுக்குள். திரும்பத் தட்டிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் தட்டும்வரை அவன் தட்டவில்லை, எனக்காகக் காத்திருந்தான். நான் இரண்டு தட்டினேன், அவன் இரண்டு தட்டிச் சிரித்தான். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது, அடுப்பில் சோறு கரிந்து மணத்த பிறகுதான் எழுந்தேன். கதை என்பதே இதுதானே, நீ ஒன்று சொல்ல, நான் கேட்டு ஒன்று சொல்ல, நீ காத்திருந்து திரும்பச் சொல்ல. சொல் வருவதற்கு முதல் இந்த மாறி மாறி வருகிற முறை வர வேண்டும். போனும் பொம்மைக் கொம்பியூட்டரும் அவனுக்காக ஒரு நாளும் காத்திருக்கவில்லை, அவன் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவை தங்கள் பாட்டுக்கு ஓடின. அன்று இரவு அந்த இரண்டு மூடியையும் கழுவித் துடைத்து அவன் தலைமாட்டில் வைத்தேன்.

ஜனவரியில் பேச்சுக் கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்த பேச்சுச் சிகிச்சையாளருக்கும் என் வயதுதான் இருக்கும், மகனைப் பார்த்ததைவிட நான் மகனோடு விளையாடுவதைத்தான் அதிகம் பார்த்தார். பார்த்துவிட்டு மூன்று விஷயம் சொன்னார், அந்த மூன்றும்தான் என்னை மாற்றியது. நான் ஓயாமல் கேள்வி கேட்கிறேனாம்: இது என்ன, அது என்ன நிறம், அம்மா எங்கே. பரீட்சை வைப்பது போல. அதை விட்டுவிட்டு அவன் செய்வதை நான் சொல்லிக் காட்ட வேண்டும், அதுவும் ஒன்றிரண்டு சொல்லில்: "தண்ணி ஊத்து", "பந்து போச்சு", "சட்டி சூடு". இரண்டாவது, சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். செய்து பாருங்கள், பத்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று தெரியும், நான் மூன்றிலேயே வாயைத் திறந்துவிடுவேன். மூன்றாவது, நிலத்தில் இருந்து, என் முகம் அவன் முகத்துக்கு நேரே வரும்படி விளையாட வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும் என்றார், பிள்ளை எழுந்து போனால் விட்டுவிட வேண்டும். எனக்கு இது பெரிய விடுதலை, ஏனென்றால் விளையாட்டு என்றால் ஒரு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் நான் தொடங்கவே இல்லை. ஒரு நாளில் பத்துத் தடவை ஐந்தைந்து நிமிடம் எடுப்பது மெஷினில் இருக்கிற எனக்கும் முடிந்தது, ஒரு கை தைத்து முடித்தால் ஐந்து நிமிடம், ஒரு கழுத்து முடித்தால் ஐந்து நிமிடம்.

இனி விளையாட்டுகள். குசினியிலிருந்தே தொடங்கலாம், அங்கேதான் எப்படியும் நிற்கிறோம். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு உலகத்திலேயே விருப்பமான விளையாட்டு போடுவதும் எடுப்பதும். ஒரு கடகமும் ஐந்தாறு உருளைக்கிழங்கும் கொடுத்தால் போட்டுப் போட்டு எடுப்பான். நீங்கள் "போடு" என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லுங்கள், ஐந்தாவதைப் போடும்போது சொல்லாமல் நிறுத்திப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். என் மகன் இரண்டு கிழமை சும்மா பார்த்தான், பிறகு ஒரு நாள் "போ" என்றான். வேறு வேறு அளவில் மூன்று சட்டி, மூன்று மூடி கொடுத்து எது எதற்குப் பொருந்தும் என்று தேட விடலாம். மூடியுள்ள, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற போத்தலுக்குள் ஒரு பிஸ்கட்டைப் போட்டு இறுக்கிக் கையில் கொடுத்தால் திறக்க முடியாமல் உங்களிடம்தான் வருவான், அப்போது "திற" என்று சொல்லிக் காத்திருக்கலாம். ரொட்டிக்குக் குழைக்கும்போது மாவில் ஓர் உருண்டை அவனுக்கு, அமத்த, உருட்ட, விரலால் குத்த. விளையாட்டு மாவுக்கு நிறைய உப்புப் போட்டுச் செய்கிற முறை ஒன்று இருக்கிறது, வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம், அவ்வளவு உப்பு உடம்புக்குக் கூடாது. தோய்த்த உடுப்பை மடிக்கும்போது "அம்மாட", "தம்பிட" என்று இரண்டு குவியலாகப் பிரிக்கலாம். இரண்டு வயதுக்குக் கிட்ட வரும்போது நாம் செய்கிற வேலையே விளையாட்டாகிவிடும். பழைய தும்புத்தடியை அவன் உயரத்துக்கு வெட்டிக் கொடுத்தேன், நான் கூட்டக் கூட்டப் பின்னால் குப்பையைப் பரப்பிக்கொண்டு வருவான். வேலை இரட்டிப்பாகும், உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அவன் என்னோடு இருக்கிறான்.

ஒரே விளையாட்டை இருபது தரம் கேட்பான், உங்களுக்கு அலுக்கும். அலுப்பைக் காட்டாதீர்கள், இருபதாவது தரத்தில்தான் பிள்ளை அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே நினைக்கத் தொடங்குகிறான், சிரிப்பு வருவது அங்கேதான். உள்ளங்கையில் விரலால் நண்டு ஊரவிட்டுக் கக்கத்தில் போய்க் கிச்சு மூட்டுகிற விளையாட்டை நாங்கள் எல்லோரும் சின்னதில் விளையாடியிருப்போம். முழங்கை வரை ஊர்ந்துவிட்டு விரலை நிறுத்திப் பாருங்கள், பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் கண்ணைப் பார்க்கும். நான் உயர்தரத்தில் தமிழ் எடுத்தவள், பிள்ளைத்தமிழின் பத்துப் பருவத்தையும் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன்: சப்பாணி, வாரானை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று. ஒரு நாள் மகன் மூடியைத் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் திடுக்கிட்டேன், இது சிறுபறை அல்லவா? கைதட்டுவது, வா என்று கை நீட்டுவது, நிலாவைக் கூப்பிடுவது, மணலில் வீடு கட்டுவது, பறை தட்டுவது, தேர் இழுப்பது என்று சின்னப் பிள்ளைக்கு வேண்டிய விளையாட்டு எல்லாம் வரிசையாக அந்தப் பட்டியலிலேயே இருந்திருக்கிறது. நான் அதில் புள்ளி எடுத்தேனே தவிர விளையாட்டாகப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நிலவு நாளில் படியில் அவனை மடியில் வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டத் தொடங்கினேன். இருபத்து மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் நான் காட்ட முதலே அவன் விரலை நீட்டி நிலாவைக் காட்டிவிட்டு, நான் பார்த்தேனா என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு பொருளை இன்னொருவருக்குக் காட்டுவதற்காக விரல் நீட்டுவது பேச்சுக்குப் பெரிய படி என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். நான் அன்று அழுதது சந்தோசத்தில்.

முற்றம் இருப்பவர்களுக்குக் காசே தேவையில்லை. இரண்டு சிரட்டை, ஓர் அகப்பை, கொஞ்ச மணல், சோறு கறி காய்ச்சி எனக்கும் ஊட்டுவான். நுங்குக் காலத்தில் குடித்து முடித்த கோம்பை இரண்டைத் தடியில் செருகினால் வண்டில், அது மணலிலும் ஓடும், 28,000 ரூபாய்க் கார் ஓடாத இடத்தில். பூவரசம் இலையைச் சுருட்டி ஊதிக் காட்டுங்கள், அவனுக்கு ஊத வராது, ஆனால் உதட்டைக் குவித்து முயற்சிப்பான், அது நல்லது. பழைய மட்டையில் கயிறு கட்டி இழுக்கலாம். மயில் கத்தினால் நின்று கேட்டு நாமும் கத்தலாம், எங்கள் பக்கத்தில் மயிலுக்கா குறை. அவனுடைய முதல் சொற்களில் "மயி" ஒன்று, அதற்கு முதல் "டும்". உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஒன்று இரண்டு வயதுப் பிள்ளை ஒரு நாளில் 180 நிமிடமாவது உடம்பை அசைத்துத் திரிய வேண்டும், ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. மூன்று மணித்தியாலம் என்றதும் பயப்பட வேண்டாம், நாள் முழுக்கப் பிரிந்து வருவதுதான், முற்றத்தில் விட்டால் பிள்ளை தானே அதைச் செய்துவிடும்.

ஆனால் முற்றம் என்றால் நான்கு விஷயத்தை முதலில் பார்க்க வேண்டும். கிணறு. கட்டு உயரமாக இருந்தாலும் பக்கத்தில் ஏறி நிற்கிற வாளியோ கல்லோ இருக்கக் கூடாது, மேலே வலையோ கம்பி மூடியோ போடுங்கள். தண்ணி விளையாட்டுக்குப் பேசினில் நான்கு விரல் தண்ணி போதும், அந்த நான்கு விரல் தண்ணியிலும் பிள்ளை மூழ்கலாம், ஆகவே பக்கத்தில் இருந்துதான், முடிந்ததும் உடனே கவிழ்த்துவிடுங்கள். இரண்டாவது எங்கள் மண்ணுக்கே உரிய பயம், மழைக்குப் பிறகு நிலத்திலிருந்து யுத்த காலத்து வெடிபொருளும் இரும்புத் துண்டுகளும் இன்னும் கிளம்புகின்றன. பிள்ளை விளையாடுகிற மணலை நானே அரித்துத் தனியாகக் குவித்து வைத்திருக்கிறேன், தெரியாத இரும்பு எதுவும் கண்டால் தொடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விலகிப் பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ அறிவிக்க வேண்டும். மூன்றாவது கொட்டைகள். புளியங்கொட்டை, மஞ்சாடி, கச்சான், கோலிக்குண்டு என்று மூன்று சென்றிமீற்றருக்குள் அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குள் கையில் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். குண்டுமணி நஞ்சும்கூட. வெடித்த பலூன் துண்டும் தொண்டையில் அடைக்கும். நான்காவது எனக்கே நடந்தது. அந்தப் பாடுகிற பறையின் பின்மூடி கழன்று, காசு போல வட்டமான பற்றறி மகன் கையில் இருந்தது, வாய்க்குக் கிட்ட. அதை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரித்துவிடும், அப்படி விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூடி திருகாணியால் பூட்டப்படாத எந்தச் சாமானையும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

மாரியில் வெளியே விட முடியாது, அது தனி அவதி. மேசைக்கு மேல் படங்கு போட்டுக் கூடாரம் கட்டுவோம். தலையணையை அடுக்கி ஏறி விழுவோம். கரண்ட் போனால் டோர்ச் லைற்றைச் சுவரில் அடித்துக் கையால் நாய், மான். விளையாட்டுச் சாமான் எத்தனை இருந்தாலும் நான்கைந்தை மட்டும் வெளியே வைத்து மிச்சத்தைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள், கிழமைக்கு ஒரு தரம் மாற்றினால் பழையதே புதிதாகிவிடும். எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தபோது என் மகன் எதையும் எடுத்ததில்லை.

போனை நிறுத்துவது பற்றிக் கேட்பார்கள். என் போன் வாளிக்குள் விழுந்ததால் ஒரே நாளில் நின்றது. பிறகு இரண்டு சிநேகிதிகளுக்குச் சொல்லிக் கொடுத்தபோது சாப்பாட்டு நேரத்தில் முதலில் நிறுத்தச் சொன்னேன், ஏனென்றால் அந்த நேரம் ஒரு நாளைக்கு மூன்று தரம் முகம் பார்த்துக் கதைக்கக் கிடைக்கிற நேரம். ஒரு நேரம் குறைவாகச் சாப்பிட்டால் அடுத்த நேரம் பசித்துச் சாப்பிடும். பிறகு நித்திரைக்கு முன், பிறகு மற்ற நேரம். நம்முடைய போனும் பிள்ளை கண்ணில் படக் கூடாது, என்னுடையது இப்போது சாமித்தட்டுக்குப் பக்கத்தில் உயரத்தில் இருக்கிறது. அப்பாவோடு வீடியோவில் கதைப்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை. அதில் எதிரில் ஆள் இருக்கிறார், பார்க்கிறார், பதில் சொல்கிறார். ஆனால் முன்பு இவர் "அப்பா சொல்லு, அப்பா சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், மகன் ஓடிவிடுவான். கிளினிக்கில் சொன்னதையெல்லாம் அப்போதுதான் இவரிடம் முழுவதும் சொன்னேன், ஒரு வருடப் பயத்தையும் சேர்த்து. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து போனை விரலால் மறைத்து "அப்பா எங்க?" என்று விட்டுக் காத்திருந்து, விரலை எடுத்து முகத்தைக் காட்டத் தொடங்கினார். இரண்டு வயதும் நான்கு மாதமும் ஆனபோது மகன் அந்த மறைந்த திரையைப் பார்த்து "அப்பா வா" என்றான். இரண்டு சொல் சேர்ந்து வந்தது அதுதான் முதல்.

விளையாடினால் எல்லாப் பிள்ளையும் கதைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை, அப்படி யாரும் இதை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. ஒன்றரை வயதில் எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை, பெயருக்குத் திரும்பவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை, அல்லது வந்த சொல் நின்றுபோய்விட்டது என்றால் உடனே போங்கள், காதை முதலில் பாருங்கள். என்ன காரணமாக இருந்தாலும், ஓட்டிசம் என்றே வந்தாலும், முந்திப் போன பிள்ளைக்கு முந்தி உதவி கிடைக்கும். எங்களோடு பேச்சுக் கிளினிக்குக்கு வந்த ஒரு தாய் என்னைவிட ஆயிரம் மடங்கு பிள்ளையோடு விளையாடியவர், போனே கொடுக்காதவர், அவர் பிள்ளைக்கு வேறு உதவி தேவைப்பட்டது. அது அவர் குற்றம் இல்லை. காத்திருக்கிற கிழமைகளில் விளையாடுங்கள், அது எந்தப் பிள்ளைக்கும் வீண்போகாது.

மகனுக்கு இப்போது மூன்றரை வயது. "ர" இன்னும் சரியாக வராது, மற்றப்படி வாய் ஓய்வதில்லை. போன மாதம் பற்றறிக் காரை 8,000 ரூபாய்க்கு விற்கப் போட்டேன். தர்மபுரத்திலிருந்து ஓர் அக்கா பார்க்க வந்தார், இடுப்பில் பதினான்கு மாதப் பிள்ளை, அதன் கையில் போன். கதிரையில் இருத்தித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, குசினியிலிருந்து இரண்டு மூடியை எடுத்துவந்து அந்தப் பிள்ளைக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். இருட்டும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம். அக்கா காரை வாங்காமலே போய்விட்டார். அது இன்னும் விறாந்தையில்தான் நிற்கிறது.